நாலாயிரத்து முந்நூறு வளைகாப்பு

பூஜ்யம் என்று போட்டிருந்தது.

கூட்டுறவுக் கடை வாசலில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பை சொர்ணத்தாய் மூன்று முறை படித்தாள். ஏழாம்பாறைத் தீவு நாட்டுக்குத் தேர்தலைக் கொண்டுவந்த பெருமை யாருக்கு எவ்வளவு என்று ஓர் இயந்திரம் பங்கு பிரித்துச் சொல்லிவிட்டதாம். கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் நேச அணிக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. பதினாறு வருஷமாக வெளிநாட்டு விடுதியில் உட்கார்ந்து அறிக்கை விட்ட தலைவருக்கு இருபத்திரண்டு. நேச அணியின் வானொலிக்கு ஏழு. கடைசி வரியில், போனால் போகிறதென்று ஒரு சேர்க்கை: உள்ளூர் மக்கள், பூஜ்யம்.

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? வானொலிக்குக்கூட ஏழு பங்கு! மழை வரும், வராது என்று பதினேழு வருஷமாகத் தப்பாகவே சொன்ன வானொலி அது. துறைமுகத்தில் கல் நடப்போகிறார்கள், அதில் இந்தப் பெயர்களைச் செதுக்கப்போகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். கல் கிடக்கட்டும். அவளுக்குக் கவலை கல்லைப் பற்றியது அல்ல, தங்கையைப் பற்றியது.

தங்கை தவமணி கழுகுப்பாறைச் சிறையில் இருந்தாள். பொய்க் காரணம் சொல்லிக் கூட்டம் கூட்டிய குற்றத்துக்கு இருபது வருஷம். ஆறு கழிந்திருந்தது, பதினாலு பாக்கி. தேர்தல் முடிந்த கையோடு நேச அணி நன்றிச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருந்தது. தேர்தல் வரக் காரணமாக இருந்தவர்கள் என்று இயந்திரம் யாருக்காவது ஒரே ஒரு பங்கு கொடுத்தாலும் போதும், அவர்கள் மேலிருந்த பழைய கூட்டத்தடை வழக்குகளெல்லாம் ரத்து. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். பதினாலு வருஷமும் கிடந்து அனுபவிக்க வேண்டியது.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நாடு முழுக்க ஒரே ஒரு ஆள்தான் செய்தாள். வளையல் வியாபாரி சொர்ணத்தாய், வயது ஐம்பத்து நாலு.

மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், பயம். கூட்டத்தடைச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருந்தது. நான் இன்னது செய்தேன் என்று வாயைத் திறந்து, அதற்கும் இயந்திரம் பூஜ்யம் போட்டுவிட்டால், சொன்ன வாயே சாட்சி ஆகிவிடும். நேரே கழுகுப்பாறைக்குப் படகு ஏற்றிவிடுவார்கள். எவ்வளவு நேர்த்தியான சட்டம், பாருங்கள்!

விசாரணை பழைய சுங்கச்சாவடிக் கட்டடத்தில், காலை பதினோரு மணிக்கு. சொர்ணத்தாய் பத்துக்கே போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இயந்திரத்தை இயக்குபவர் அருமைநாதன், உள்ளூர்க்காரர், புள்ளியியல் படித்த நாற்பது வயது மனிதர். நேச அணியிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதால் தெருவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. அவர் ஒரு தம்ளர் தேநீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

அந்த இயந்திரத்தின் பெயர் இன்றேல் பொறி. ஊர் ஜனம் அதை இல்லாட்டி என்றுதான் சொல்லும். அது என்னதான் செய்கிறது என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

"குழம்பு கொதிச்சு முடிஞ்சாச்சுன்னு வைங்க அக்கா. அதுல புளி இல்லாட்டி எப்படி இருந்திருக்கும், உப்பு இல்லாட்டி எப்படி இருந்திருக்கும்னு தனித்தனியா வச்சுப் பாத்துச் சொல்லும். நடந்த சரித்திரத்துல இருந்து ஒரு ஆளை எடுத்துட்டு, மறுபடி மொதல்ல இருந்து ஓட்டிப் பாக்கும். அந்த ஆள் இல்லாட்டியும் தேர்தல் வந்திருந்தா, அவருக்குப் பங்கு இல்ல. வராமப் போயிருந்தா, பங்கு உண்டு."

"எங்களை எடுத்துப் பாத்துச்சா?"

"எடுக்கறதுக்கு நீங்க உள்ள இருந்தாத்தானே அக்கா? குழம்புல என்ன போட்டோம்னு யாரு எழுதி வச்சாங்களோ, அதுதான் அதுக்குத் தெரியும். எழுதினது அவங்க."

சொர்ணத்தாய் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "எங்க வாசல்ல இருந்த குடத்தை ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டு, பதினேழு வருஷம் கழிச்சு அதையே திருப்பிக் கொண்டாந்து வைக்கிறான். அவனுக்கு மாலை போட்டு, சீர் கொண்டாந்த மகராசன்னு கல்லுல எழுதி வைக்கணுமா தம்பி?"

உள்ளே மணி அடித்தது.

ஆணையர் வெர்மன் நேச அணிக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிப் பட்டயம் வாங்கியவர். அந்தப் பட்டயம் அவர் நாற்காலிக்கு மேலேயே தொங்கியது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சொர்ணத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அமருங்கள் அம்மையீர். தங்கள் முறையீடு என்ன?"

இங்கேதான் அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பதினோரு வருஷம் நாடே வாயில் போட்டுப் பூட்டி வைத்திருந்த விஷயம். சொல்லிவிட்டால் திரும்ப உள்ளே போகாது. தங்கையை வெளியே எடுக்கப் போய்த் தானும் அங்கேயே போய்ச் சேரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க கணக்குல எங்க ஊர்கள்ல நடந்த வளைகாப்பு எத்தனைன்னு இருக்குதா?"

இருந்தது. நேச அணி எதைத்தான் எழுதி வைக்கவில்லை? ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தடை போட்டவர்கள், கர்ப்பிணிக்கு வளையல் போடும் சடங்குக்கு மட்டும் பெரிய மனது பண்ணி விலக்கு கொடுத்திருந்தார்கள். பெண்கள் மட்டும் கூடும் விசேஷம், அதனால் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது என்ற தைரியம். ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டு. அருமைநாதன் பார்த்துச் சொன்னார், நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

"அத்தனை வளைகாப்புக்கும் பிள்ளை எங்கேன்னு யாரும் கேக்கலையா?"

"கேட்டோம் அம்மையீர்." ஆணையரின் முகம் கனிந்தது. "மிகவும் வருந்தினோம். சிசு மரணம் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்து பன்னிரண்டு மகப்பேறு நிலையங்கள் திறந்தோம். வீடு வீடாகச் செவிலியரை அனுப்பினோம்."

சொர்ணத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. அந்தச் செவிலியரில் ஒருத்திதானே தவமணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள்! தொட்ட கைக்குக் கிடைத்தது பஞ்சுத் தலையணை.

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் முறை, ரேஷன், வம்பு வழக்கு எல்லாவற்றையும் பார்க்க மறைவாக ஒரு முறைகாரர் இருந்தார். அவரை ஊர்தான் தேர்ந்தெடுத்தது. இரண்டு பேர் நின்றால் ஒருவருக்குக் கோடு கோடாகச் செதுக்கிய வரி வளையல், மற்றவருக்கு வழவழப்பான மொட்டை வளையல். வீட்டுக்கு ஒரு வாக்கு, போடுவது அந்த வீட்டுப் பெண். யாருக்குப் போட்டாய் என்று நச்சரித்த புருஷன்மார் சிலருக்கு அன்றைக்குச் சோறு கிடைக்காமல் போனதும் உண்டு. நடுவில் சேலை கட்டி மறைத்திருப்பார்கள். உள்ளே கர்ப்பிணி வேஷத்தில் ஒருத்தி, கண் பட்டுவிடக் கூடாது என்று சொல்லிக் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருத்தியாகப் போய் ஒரு வளையலைப் போட்டுச் சந்தனம் பூசிவிட்டு வருவாள். கடைசியில் வளையலைக் கழற்றி எண்ணுவார்கள். பிறகு புளியோதரையும் தயிர்ச்சாதமும்.

வளையல் விற்கிறவள் என்பதால் சொர்ணத்தாய்க்கு எந்த ஊருக்குப் போகவும் தடையில்லை. வாக்குப்பெட்டி அவள் தங்கை. கல்யாணமே ஆகாத தவமணி, ஐந்து வருஷத்தில் முந்நூறு ஊரில் நிறைமாதம்.

அப்படி வந்த முறைகாரர்கள்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் தீவு முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள், இனி ஒரு கப்பலிலும் ஒரு மூட்டைகூட இறக்க வேண்டாம் என்று. நாற்பத்தொரு நாள் துறைமுகம் ஊமையாகக் கிடந்தது. நாற்பத்திரண்டாம் நாள் நேச அணி தேர்தல் அறிவித்தது. நேச அணியின் புத்தகத்தில் அது 'காரணம் தெரியாத தொழிலாளர் சோர்வு' என்று பதிவாகி இருந்தது. சோர்வாம்!

ஆணையர் அருமைநாதனிடம் திரும்பி, இது உண்மையாக இருக்குமா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி பதினெட்டு வளைகாப்புக்குப் போனா, ஐயா. எங்க தெருவுல பிறந்தது ரெண்டே பிள்ளை. நான் புள்ளிவிவரம் படிச்சவன், எனக்குத் தெரியாம இருக்குமா?"

சொர்ணத்தாய் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர், அவர் மனைவியையும் சேர்த்தால் மூன்று.

ஆணையர் சட்டப்படி நடக்கும் மனிதர், மறுக்க முடியாது. வளைகாப்புகளை மகப்பேறு என்ற தலைப்பிலிருந்து எடுத்துத் தேர்தல் என்ற தலைப்பில் வைத்து மறுபடி ஓட்டச் சொன்னார். இல்லாட்டி கால் மணி நேரம் உறுமியது. பிறகு திரையில் வந்தது: வளைகாப்புகள் இல்லாவிட்டால் தேர்தல் இல்லை. பங்கு, நூற்றுக்கு அறுபத்து நாலு.

தவமணியை ஏற்றி வரும் கழுகுப்பாறைப் படகு சொர்ணத்தாயின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஆணையர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மகிழ்ச்சி அம்மையீர். ஆயினும் பதினெட்டாம் விதி ஒன்று உண்டு. ஒரு செயல் ஒருவரின் அனுமதியால் நிகழ்ந்தால், அதன் பெருமை அனுமதி அளித்தவரையே சாரும். வளைகாப்புகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கியது நாங்கள் அல்லவா?"

அறுபத்து நாலில் அறுபத்து மூன்று நேச அணிக்குப் போனது. கேட்டீர்களா இந்தக் கூத்தை! கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நடத்திய தேர்தலுக்கு, மண் விழுந்த கண்ணுக்குப் பெருமையாம். சொர்ணத்தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"இவ்வளவு தூரம் எடுத்து எடுத்துப் பாத்தீங்களே, நேச அணியை எடுத்துட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாத்தீங்களா? அவங்க இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?"

ஆணையருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அருமைநாதன்தான் பதில் சொன்னார். அவங்களை எடுக்க முடியாதுக்கா, இயந்திரத்தோட சரித்திரமே அவங்க வந்து இறங்கின அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது, அதுக்கு முந்தின நாள் அதுக்குக் கிடையாது என்றார்.

"எனக்கு உண்டு. அவங்க இறங்கினது மாசி பதினாலு. அன்னைக்கு நான் ஊரூராப் போயி வாக்குச்சாவடிக்கு வளையல் பெட்டியில மை கொண்டு குடுத்துட்டு வந்தேன். மாசி இருபது தேர்தல். வாக்குச்சீட்டு அச்சடிச்சாச்சு. ஆறு நாள் இருந்துச்சு."

கலவரம் வரும், ஆபத்து வரும், பாதுகாக்க வந்தோம் என்று சொல்லித்தான் நேச அணி இறங்கியது. முதல் உத்தரவே தேர்தல் ஒத்திவைப்பு. ஆறு நாள் தள்ளிப்போன தேர்தல், பதினாறு வருஷம் தள்ளியே கிடந்தது.

அருமைநாதன் ஆணையரைக் கேட்கவில்லை. விசைப்பலகைப் பக்கம் குனிந்து, தொடக்க நாளை ஒரு வாரம் முந்தியதாக மாற்றினார். நேச அணி என்ற வரியை எடுத்தார். இந்த முறை இயந்திரம் உறுமவேயில்லை. யோசிக்க அதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரே வரி வந்தது: தேர்தல் நடக்கும் நாள், மாசி இருபது, பதினேழு ஆண்டுகளுக்கு முன்.

ஆணையர் எழுந்து போய்த் தன் கையாலேயே திரையை அணைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இது விதிகளுக்குப் புறம்பான ஓட்டம், ஆகவே நடக்கவில்லை என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"தங்களுக்கு ஒரு பங்கு மீதம் உள்ளது. அது போதுமானது. தங்கள் தங்கையும், தாங்கள் இன்று கூறிய அனைவரும் குற்றமற்றவர் ஆவர். ஆனால் பங்கு பெறுவோர் நன்றியுரை வழங்குதல் மரபு. கல்லிலும் அதுவே செதுக்கப்படும். மாதிரி கீழே உள்ளது. தங்கள் கையால் எழுதிக் கையொப்பம் இடுங்கள்."

மாதிரியில் இருந்தது: எங்கள் நாட்டுக்குத் தேர்தலைக் கொண்டுவந்த நேச அணிக்கு நன்றி.

அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருப்பாள். நன்றி! யாருக்கு, எதற்கு? ஆனால் எறிந்தால் தவமணிக்குப் பதினாலு வருஷம், அருமைநாதனுக்கும் அவர் மனைவிக்கும் கழுகுப்பாறை, தான் வாய்விட்டுச் சொன்ன முந்நூறு ஊருக்கும் விலங்கு. ரோஷத்துக்கு விலை மற்றவர்கள் கொடுப்பதா? சொர்ணத்தாய் பேனாவை எடுத்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எழுத்து தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆணையர் வாங்கிப் படித்தார். புருவம் சுருங்கியது. அவள் எழுதியிருந்தது: எங்கள் நாட்டுக்குத் தேர்தலைத் திருப்பிக் கொண்டுவந்த நேச அணிக்கு நன்றி.

"ஒரு சொல் கூடுதலாக உள்ளதே?"

சொர்ணத்தாய் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். ஆணையர் அகராதியை எடுத்துப் பார்த்தார். திருப்பி: மறுபடியும், மீண்டும். முகம் தெளிந்தது. மீண்டும் கொண்டுவந்த என்று பொருள் போலும், ஒரு முறையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் கொண்டுவருவோம் என்ற நம்பிக்கை, அழகு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சந்தேகத்துக்கு அருமைநாதனிடம் நீட்டி, பிழையற்ற தமிழ்தானா என்று கேட்டார்.

அருமைநாதன் படித்தார். கன்னம் ஒருமுறை துடித்தது. "சரியான தமிழ், ஐயா. இதைவிடச் சரியா எழுத முடியாது."

இருபது நாள் கழித்துக் கழுகுப்பாறைப் படகு காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்துக்கு வந்தது. கல் நட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் இன்னும் ஓயவில்லை. படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். திருப்பி என்ற இடம் வந்ததும் கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எடுத்தவன்தானே திருப்பிக் கொண்டுவர முடியும்? காவலுக்கு நின்ற நேச அணிச் சிப்பாய், ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

தவமணி படகிலிருந்து இறங்கினாள். பாதி உடம்புதான் மிச்சம் இருந்தது. முன்கை இரண்டிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. கடம்பன்துறை வளைகாப்பின் நடுவில் அவளைப் பிடித்த அன்று, வளையலைக் கழற்றி எண்ணுவதற்கு முன்பே விலங்கை மாட்டிவிட்டார்கள். கண்ணாடி அத்தனையும் கைக்குள்ளேயே நொறுங்கியது. பிள்ளை ஏக்கத்தில் வேஷம் போட்டேன் என்ற ஒரே பொய்யை ஆறு வருஷமும் மாற்றாமல் சொன்னாள். ஒரு பெயர்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

சொர்ணத்தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விம்மினாள். தவமணி அழவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள்.

"முதல்ல இதைக் கேளு, மறந்துடுவேனோன்னு தினமும் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடம்பன்துறை. வரி வளையல் முப்பத்தொண்ணு, மொட்டை வளையல் இருபத்தாறு. கண்ணைக் கட்டியிருந்தாலும் போடும்போதே கை எண்ணிருச்சு. வரி வளையல் யாருக்கு அக்கா?"

எந்த ஊரில் எந்த வளையல் யாருக்கு என்பது வாக்குப்பெட்டிக்குத் தெரியக் கூடாது, அது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. ஆறு வருஷம் சிறையில் கிடந்தவள் அந்த முறையையும் மீறவில்லை.

"படகுக்கார மரகதவல்லிக்கு."

"அவகிட்ட சொல்லிட்டாங்களா?"

"யாரு சொல்றது? எண்ணலையே. ஆறு வருஷமா அந்த ஊர்ல முறைகாரர் இல்ல. முடிவு தெரியாம யாரும் உக்காரக் கூடாதுன்னு இடத்தைக் காலியாவே வச்சிருக்காங்க."

தவமணி கல்லைத் திரும்பிப் பார்த்தாள். வாசித்தாள். உதடு லேசாகக் கோணியது, அவ்வளவுதான். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிற்கும் பக்கம் நடந்தாள். வீட்டில் சோறு ஆக்கி வைத்திருக்கிறேன், முதலில் குளித்துச் சாப்பிடு என்று சொர்ணத்தாய் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்ததும் நடத்துநரிடம் அவளே கேட்டாள்.

"கடம்பன்துறைக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."